கரிசல் காட்டில் மலை சைக்கிள்!

வெம்பக்கோட்டையில் மலை கிடையாது. மேற்கே பார்த்தால், வெகு தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடு போலத் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால், மலையில் ஓட்டுவதற்கென்றே பிறந்த சைக்கிளுக்கு வேண்டிய பாதை எல்லாம் வெம்பக்கோட்டையைச் சுற்றிக் கிடக்கிறது. கண்மாய்க் கரை, வண்டித் தடம், ஆற்று மணல், ஓடைப் பள்ளம், சரளை மேடு! தார் ரோட்டை விட்டு இறங்கினால் போதும்.

அந்தச் சைக்கிளுக்கு "மலை சைக்கிள்" என்று பெயர். தடித்த டயர். அகன்ற ஹேண்டில் பார். மேட்டில் ஏற கியர். பள்ளத்தில் இறங்க நல்ல பிரேக். கல்லில் இடித்தால் கை வலிக்காமல் இருக்க, முன் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கு. இவைதான் அதன் அடையாளங்கள்.

இது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். விலையைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். போட்டிக்குப் போகும் சைக்கிள் பல லட்சம் ரூபாய்! மோட்டார் சைக்கிளை விட விலை அதிகம்.

ஆனால், அது பிறந்த கதை வேறு.

பழைய சைக்கிளில் பிறந்தது

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பேர்பாக்ஸ் என்று ஒரு சிற்றூர். பக்கத்தில் டமால்பயஸ் என்று ஒரு மலை. அந்த வட்டாரத்தில் காட்டுத் தீயை அணைக்க வண்டி போவதற்காகப் போட்ட செம்மண் பாதைகள் உண்டு.

1970-ம் ஆண்டை ஒட்டி, சில வாலிபர்கள் பழைய சாமான் கடையில் கிடந்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். 30, 40 ஆண்டுகளுக்கு முந்திய சைக்கிள்கள் அவை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேப்பர் போடும் பையன்கள் ஓட்டியவை. நல்ல கனம். டயர் மட்டும் பலூன் போலத் தடித்து இருக்கும்.

மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். வேண்டாத தகரத்தை எல்லாம் எடுத்தார்கள். சைக்கிளை மலை மேலே கொண்டுபோய், அங்கிருந்து சரசரவென்று கீழே விட்டார்கள்!

1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. தூரம் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர்!

அந்தச் சைக்கிளுக்கு, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அது பின் சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும். இறங்கி முடிப்பதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஆகவே, அந்தப் பாதைக்கே "திரும்ப அடை" என்று பொருள்படும் "ரீபேக்" என்ற பெயர் ஏற்பட்டது.

அடிக்கடி ஒடிந்தது. அடிக்கடி திருத்தினார்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக் கைப்பிடியைக் கொண்டு வந்து மாட்டினார்கள். வேறு சைக்கிளின் கியரைக் கழற்றிப் போட்டார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர், இதற்கென்றே சட்டம் செய்து ஒரு சைக்கிளை உருவாக்கினார். 1979-ல் கேரி பிஷர், சார்லி கெல்லி என்ற இருவர், இதை விற்கக் கம்பெனி தொடங்கினார்கள். டாம் ரிட்சி என்பவர் சட்டம் செய்து கொடுத்தார். 1981-ல் பெரிய தொழிற்சாலையில் செய்த மலை சைக்கிள் கடைக்கு வந்துவிட்டது.

1990-ல் உலகப் போட்டி. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்!

பழைய சாமான் கடையிலிருந்து ஒலிம்பிக் வரை வர, 20 ஆண்டுதான் பிடித்தது.

மலைக்கு அந்தப் பக்கம்

இந்த விளையாட்டு நமக்கு வெகு தூரத்தில் இல்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், ஆசிய மலை சைக்கிள் போட்டி கேரளத்தில் நடந்தது. இடம், திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலை. மறு ஆண்டு பாரீசில் நடந்த ஒலிம்பிக்குக்குப் போக, ஆசிய நாட்டு வீரர்களுக்கு அதுவும் ஒரு வாசல்.

பொன்முடி எங்கே இருக்கிறது? தென்காசிச் சீமையில் நின்று பார்த்தால் தெரிகிறதே, அந்த மலைத் தொடரின் மறு பக்கத்தில் இருக்கிறது. கேரளத்தார் மலையில் தடம் வெட்டினார்கள். உலகம் வந்து ஓட்டியது.

அப்படியானால், விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளும் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குச் சைக்கிளை விடலாமா?

கூடாது!

ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஆக்கப்பட்டது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து, புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. யானையும் காட்டு மாடும் நடமாடும் காடு அது. வனத் துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படி குற்றம். ஓசை இல்லாமல், வேகமாக வருகிற சைக்கிள், வளைவில் யானை முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்? மோட்டார் சத்தம் கேட்டாலாவது மிருகம் விலகும்.

மலையிலிருந்து பிள்ளைகளை விலக்கி வைத்ததில் தவறு இல்லை. ஆனால், மலை இல்லை என்பதால் மலை சைக்கிளும் இல்லை என்று ஆகிவிடாது. கீழே இருக்கும் காடு யாருக்காகக் கிடக்கிறது?

கரை மேலே ஒரு சவாரி

சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் வெம்பக்கோட்டை. வைப்பாற்றின் குறுக்கே அணை. பக்கத்தில் விஜயகரிசல்குளம். அங்கே ஆற்றின் வட கரையில், மேட்டுக்காடு என்று ஊரார் அழைக்கும் தொல்லியல் மேடு இருக்கிறது. பரப்பு 25 ஏக்கர்.

2022-ம் ஆண்டு முதல் மூன்று கட்டமாக அங்கே அகழாய்வு நடந்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, ஆட்டக்காய் என்று பொருள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பழங்காலத்துப் பிள்ளைகள் சில்லு விளையாடிய வட்டச் சில்லுகள் கூடக் கிடைத்தன!

அணையையும் மேட்டையும் சுற்றியுள்ள கண்மாய்களையும் சேர்த்து ஒரு தடம் குறித்தால், காலை வெயில் ஏறுவதற்குள் ஓட்டி முடிக்க அருமையான சவாரி. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். நடுவில் கரை. மடை வரும் இடத்தில் இறக்கம். கலிங்கு வரும் இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டும். மலை சைக்கிள் போட்டியிலும் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் உண்டு!

எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை.

அகழாய்வு மேட்டின் மேலே சக்கரம் படக் கூடாது. ஒரு சைக்கிள் பத்துத் தடவை போனால் வாய்க்கால் விழும். அதில் மழைத் தண்ணீர் ஓடும். இரண்டாயிரம் ஆண்டுப் பானை ஓடு வெளியே வந்து நொறுங்கும்.

கண்மாய்க் கரையிலும் மழை பெய்து இரண்டு மூன்று நாள் வரை ஓட்டக் கூடாது. ஈரக் கரையில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்தால், அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியே கரையை அரிக்கும். கரை உடைந்தால் நஷ்டம் சைக்கிள்காரனுக்கு அல்ல, சம்சாரிக்கு.

மேலும், ஈரக் கரிசலில் ஓட்ட ஆசைப்பட்டாலும் முடியாது! மண், டயரில் ஒட்டும். அதன் மேல் இன்னும் மண் ஒட்டும். மட்கார்டுக்குள் களி போல அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றவே சுற்றாது. பிறகு சைக்கிள் நம்மைச் சுமக்காது. நாம்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

வேலிப் பக்கம் போகாதே!

இந்த வட்டாரத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு.

தடம் தேடிப் போகிறவன் கண்ணுக்கு, பட்டாசு ஆலை இருக்கும் இடம் வெறும் காடு போலத் தோன்றும். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னஞ்சிறு அறைகள். நடுவில் வெட்ட வெளி. ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. வேலி ஓரத்து ஒற்றையடிப் பாதை சைக்கிள் ஓட்ட வழவழப்பாக இருக்கலாம். ஆனால், அது தொழிலாளி வேலைக்குப் போகும் பாதை. விளையாட்டுப் பாதை அல்ல.

2021 பிப்ரவரியில் அச்சங்குளத்து ஆலையில் வெடி விபத்து நடந்தது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் 10 பேர் மாண்டார்கள். இரண்டும் வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்கள்.

பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. "காட்டுப் பக்கம் போகாதே" என்று பிள்ளையைத் தடுத்து வைக்கிறார்கள். ஆனால், "போகாதே" என்பதை மட்டும் சொல்லிக் கொண்டிருந்தால் போதாது. "இந்தத் தடத்தில் போ" என்று சொல்ல ஒரு தடம் வேண்டாமா? குறித்த தடம் இல்லாத ஊரில் பிள்ளைகள் குறிக்காத தடத்தில்தான் போவார்கள். கைவிட்ட கல் குழியும் அதில் ஒன்று.

முள்ளுக்கு என்ன மருந்து?

"அண்ணாச்சி, பஞ்சர்!" என்று சொல்லிக்கொண்டு பையன் சைக்கிளை உருட்டி வருவான். கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீரில் முக்குவார். ஒரு இடத்தில் அல்ல, ஐந்து இடத்தில் குமிழி வரும்! எல்லாம் சீமைக் கருவேல முள் செய்த வேலை.

வெளிநாட்டு மலை சைக்கிளில் இப்போது டியூபே இல்லை. டயருக்குள் ரப்பர் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால், காற்றோடு சேர்ந்து அந்தத் திரவமும் ஓட்டைக்கு வந்து, அங்கேயே உறைந்து அடைத்துவிடும். வண்டி நிற்காது. டியூபுக்குள் ஊற்றும் பசையும் விற்கிறார்கள்.

நம் ஊர்க் கடைக்காரர்கள் செலவு இல்லாத ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே மெத்தை போல வைத்துவிடுவார்கள். சிறு முள் உள்ளே இறங்காது. வண்டி கொஞ்சம் கனக்கும். போகட்டும்!

பள்ளிக்கூடச் சைக்கிள்

தமிழ்நாட்டில் 2001-ல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியது. 2005-ல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் விரிந்தது. அதன் பிறகு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அந்தச் சைக்கிள் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அப்பா எடுத்துக்கொள்வார். அல்லது மாட்டுக் கொட்டகையில் துருப்பிடிக்கும்.

பேர்பாக்ஸ் வாலிபர்களின் கையில் கிடைத்ததும் இப்படிப்பட்ட பழைய இரும்புதான்.

பள்ளிக்கூடச் சைக்கிளை மலை சைக்கிள் ஆக்க முடியுமா? முழுதாக முடியாது. அதன் முன் கவட்டைக்குள் தடித்த டயர் நுழையாது. பிரேக், பெரிய இறக்கத்துக்குப் போதாது. ஆனால், பாதி தூரம் போகலாம். மட்கார்டைக் கழற்றினால் கரிசல் மண் அடைக்காது. புதுப் பிரேக் கட்டையும், கையை அகற்றிப் பிடிக்க அகன்ற ஹேண்டில் பாரும் போடலாம்.

கியர் இல்லையே என்று கவலை வேண்டாம். பின் சக்கரத்துப் பிரீவீலை மாற்றினால் போதும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். பின்னால் 22 பல் போட்டால் இரண்டு சுற்றுத்தான் சுற்றும். வேகம் குறையும். ஆனால், மேட்டில் மிதிப்பது லேசாகும்! செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மலை சைக்கிள் போலத் தோன்றும் மலிவுச் சைக்கிள்கள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. பளபளக்கும் வர்ணம். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங்கு. பிள்ளைகளுக்குப் பார்த்தவுடன் ஆசை. ஆனால், மலிவு ஸ்பிரிங்கு பலவற்றில் கனம்தான் அதிகம், பயன் குறைவு. மேட்டில் மிதிக்கும் பலத்தையும் அது விழுங்கிவிடும். மேட்டிலிருந்து தாவிக் குதித்தால் சட்டம் ஒடியவும் கூடும். காசு குறைவாக இருக்கிறவர்கள் ஸ்பிரிங்கைப் பார்க்கக் கூடாது. டயரையும் பிரேக்கையும் பார்த்து வாங்க வேண்டும்.

பள்ளத்தில் ஓடும் சைக்கிள்!

கனவு காண்பதற்குக் காசு வேண்டாம். விசித்திரமான சைக்கிள்களைக் கனவு கண்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்.

அசாம் மாநிலத்தில் மொரிகான் என்ற ஊரைச் சேர்ந்தவர், கனக் தாஸ். ஊர் ரோடு முழுவதும் குண்டும் குழியும். ரோட்டை மாற்றத் தம்மால் முடியாது, சைக்கிளையாவது மாற்றுவோம் என்று அவர் நினைத்தார். பள்ளத்தில் விழும்போது முன் சக்கரத்து ஸ்பிரிங்கு அமுங்குகிறது அல்லவா? அந்த அமுக்கத்தை வீணாக்காமல் பின் சக்கரத்துக்கு அனுப்பி, வண்டியை முன்னே தள்ளும்படி செய்தார். பள்ளம் வந்தால் வண்டி ஓடும்! வெம்பக்கோட்டை வண்டித் தடத்துக்கு இதை விடப் பொருத்தமான சைக்கிள் உண்டா?

பீகாரில் மோத்திஹாரியைச் சேர்ந்தவர் முகமது சைதுல்லா. 1975 வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் மிதக்கும் சைக்கிளைச் செய்தார். இரு பக்கமும் காற்று மிதவை. பின் சக்கரத்தில் தண்ணீரைத் தள்ளும் தகடு. கரை ஏறியதும் மிதவையை மடக்கிக்கொண்டு ரோட்டில் போகலாம். 2005-ல், அப்போது ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் கையால் அவர் பரிசு பெற்றார்.

அலாஸ்காவில் பனி மேலே ஓட்ட, நான்கு அங்குல டயர் போட்ட சைக்கிள் வந்தது. பாலைவன மணலிலும் அது புதையாது. தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் அதை ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்!

இலங்கையில் பிறந்த சைக்கிள் கதை ஒன்றும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, வீடு வாசல் இழந்தவர்களுக்கு அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது. பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அங்குள்ள மண் பாதையில் சாதாரண சைக்கிள் தாங்கவில்லை. ஆகவே, "எருமை" என்று பெயர் வைத்து ஒரு முரட்டுச் சைக்கிளைச் செய்தார்கள். கேரியரில் 100 கிலோ ஏற்றலாம்! அதன் புது வகைக்கு இரண்டு செயின், இரண்டு கியர். பெடலைச் சற்றுப் பின்னால் மிதித்தால் கியர் மாறும். அறுந்து போவதற்குக் கம்பியே கிடையாது.

புதுக்கோட்டையில் 1991, 92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றாகச் சைக்கிளில் வந்து நாட்டை வியக்க வைத்தார்கள். அவர்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? குறுக்குப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! எந்த இஞ்சினீயரும் இதை அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

தகரம் எடுத்த ஊர்

தடம் போட்டால் ஊருக்கு என்ன லாபம்? ஆஸ்திரேலியாவில், தாஸ்மேனியாத் தீவில், டெர்பி என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் வெள்ளீயம் எடுத்த ஊர். 1929-ல் சுரங்கத்தின் அணை உடைந்து 14 பேர் மாண்டார்கள். பிறகு சுரங்கத் தொழிலும் நசித்தது. கடைகள் மூடின.

2015-ல் அங்கே காட்டுக்குள் மலை சைக்கிள் தடம் திறந்தார்கள். இரண்டே ஆண்டில் உலகப் போட்டி அங்கே நடந்தது. மூடிக் கிடந்த ஊரில் விடுதி, சாப்பாட்டுக் கடை, சைக்கிள் கடை எல்லாம் வந்துவிட்டன.

வெம்பக்கோட்டையும் டெர்பி ஆகிவிடும் என்று சொல்வது ஏமாற்று வேலை. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஈடாக எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குச் சைக்கிள் சோறு போடாது. ஆனால், அகழாய்வைப் பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடாமல், அரை நாள் தங்கும்படி செய்யலாம். வாடகைக்குப் பத்து சைக்கிள், இரண்டு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை பிழைக்கும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஒரு இடம் கிடைக்கும்.

இதற்குத் தார் வேண்டாம். சிமெண்டு வேண்டாம். திரும்பும் இடத்தில் சுண்ணாம்பு அடித்த கல், போகக் கூடாத இடத்தில் சிவப்புக் கல், இவை போதும். கரை, நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. மேடு, தொல்லியல் துறையின் பார்வையில் இருக்கிறது. வண்டித் தடம் ஊராட்சியைச் சேர்ந்தது. மூன்று பேரும் ஒரு தடவை சேர்ந்து நடந்து பார்த்தாலே, எந்த வழி ஆகும், எந்த வழி ஆகாது என்பது தெரிந்துவிடும்.

நடந்து பார்க்கத் தை, மாசி நல்ல மாதம். அப்போது வெள்ளாமை வீடு வந்து சேரும். கரிசல் காய்ந்து இறுகும். கண்மாயில் தண்ணீரும் மிச்சம் இருக்கும்.